நாலரை வயசுக்கு லாஜிக் புதிரும் பில்டிங் செட்டும்: எதை வாங்கலாம்? (வீட்டில் ஒன்றரை வயசுத் தம்பியும் உண்டு)

வேளச்சேரி அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு நாலரை வயசு. தம்பிக்கு ஒன்றரை, கையில கிடைக்கிறதெல்லாம் நேரா வாய்க்குத்தான் போகுது. பிறந்தநாளுக்குத் தாத்தா பாட்டி கொடுத்தது நாலாயிரம் ரூபாய் இருக்கு. அதுல ஒரு பில்டிங் செட், ஒரு லாஜிக் விளையாட்டு வாங்கலாம்னு இருக்கோம்.

கடை கடையா ஏறி இறங்கினதுல குழப்பம்தான் கூடியிருக்கு. ஒரே விலைக்கு ஒரு பெட்டியில 500 பீஸ், பக்கத்துப் பெட்டியில 40 பீஸ். காந்த டைல்ஸ் (ஓரத்துல காந்தம் வெச்சு மூடின பிளாஸ்டிக் பலகை) பார்க்க அழகா இருக்கு, ஆனா காந்தம்னாலே பயமா இருக்கு. ரஷ் ஹவர்ங்கிற கார் நகர்த்துற புதிர் நல்லதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, பெட்டியில 8+ன்னு போட்டிருக்கு. ஏற்கெனவே 48 பீஸ் ஜிக்சா ஒண்ணு வீட்டுல இருக்கு. கொட்டிப் பார்த்துட்டு எழுந்து போயிடுறா. ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்மையான்னு சரிபார்க்க வழி இருக்கா? மரக் கட்டை நம்ம ஊர் புழுக்கத்துக்குத் தாங்குமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈவினிங் பஜார் கடைக்காரர்:

முதல்ல சின்னவனைப் பத்திப் பேசிடலாம். உங்க வீட்டுக்குள்ள எந்தப் பொம்மை வரலாம்னு முடிவு பண்றது அக்கா இல்ல, அவன்தான்.

தடிமனான பேப்பர்ல 10 செ.மீ. நீளம், 5.7 செ.மீ. அகலத்துல ஒரு துண்டு வெட்டுங்க. 10 செ.மீ. பக்கம் வட்டமா வர்ற மாதிரி உருட்டி, ரெண்டு ஓரமும் முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி டேப் ஒட்டுங்க. ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடக் கூடாது, ஏறினா குழாய் சிறுத்துடும். உள்விட்டம் கிட்டத்தட்ட 31.7 மி.மீ. வரும். பொம்மையைச் சோதிக்கிற ஆய்வகத்துல வெச்சிருக்கிற உருளையும் இதே அளவுதான். அதோட அடி மட்டும் சாய்வா இருக்கும், ஒரு பக்கம் ஆழம் 25.4 மி.மீ., எதிர்ப்பக்கம் 57.1 மி.மீ. அழுத்தாம, தானா முழுசா உள்ள போயிடுற எந்தப் பீஸும் மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குத் தொண்டையில சிக்கக் கூடிய பீஸ்தான். பெட்டியில என்ன வயசு அச்சடிச்சிருந்தாலும் இந்தக் குழாயை நம்புங்க. அக்காவோட பொம்மைக்கும் போட்டுப் பாருங்க, ஏன்னா ராத்திரி சோபாவுக்கு அடியில கிடக்கிற ஒரு பீஸ் காலையில யார் கையில கிடைக்கும்னு தெரியாது.

காந்தத்துக்கு வர்றேன். ஒரே ஒரு காந்தத்தை முழுங்கினா பெரும்பாலும் மலத்தோட வெளிய வந்துடும். ரெண்டு காந்தம் வெவ்வேற நேரத்துல உள்ள போனா, குடலோட ரெண்டு மடிப்புல இருந்துகிட்டு ஒண்ணையொண்ணு இழுத்து, நடுவுல மாட்டின குடல் சுவரை நசுக்கி ஓட்டை போட்டுடும். வெளியில தெரியறது வாந்தியும் வயித்து வலியும் மட்டும்தான், அதனால சாதாரண வயித்துக் கோளாறுன்னு நினைச்சு நாள் கடந்துடும். முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க.

டைல்ஸ் வாங்கித்தான் ஆகணும்னா, ரெண்டு பாதியும் ஒட்டின கோடு முழுக்க ஒரே சீரா உருகி மூடியிருக்கணும். மூலையில சின்ன உலோக ரிவெட் இருந்தா இன்னும் நல்லது. நகத்தை வெச்சு அந்தக் கோட்டுல ஓட்டிப் பாருங்க. நகம் உள்ள இறங்கினா அந்தப் பெட்டி வேணாம். வீட்டுல டைல்ஸ் தரையில விழுந்து விழுந்து மூலைதான் முதல்ல விரியும், அதனால வாராவாரம் ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கணும். விரிசல் விட்டதை ஒட்டிக் கொடுக்காதீங்க, தூக்கிப் போட்டுடுங்க. குச்சியும் இரும்பு உருண்டையுமா வர்ற காந்த செட் உங்க வீட்டுக்கு வேணவே வேணாம். என் யோசனை: சின்னவனுக்கு மூணு முடியிற வரை டைல்ஸையே தள்ளி வைங்க.

லைட் எரியிற, பாட்டுப் பாடுற பொம்மையில பட்டன் பேட்டரி இருக்கும். அது உணவுக் குழாய்ல மாட்டினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே பொசுக்க ஆரம்பிச்சுடும். மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத எதையும் வாங்காதீங்க.

ஐ.எஸ்.ஐ. கேட்டீங்க. 2021 ஜனவரி 1-ல இருந்து 14 வயசுக்குள்ள உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைக்கு அது கட்டாயம். முத்திரைக்கு மேல ஐ.எஸ். எண் இருக்கும்: மின்சாரமோ பேட்டரியோ இல்லாததுக்கு 9873, இருக்கிறதுக்கு 15644. முத்திரைக்குக் கீழ சி.எம்./எல். னு தொடங்குற உரிம எண். முத்திரை தர்ற அரசு அமைப்போட பி.ஐ.எஸ். கேர் செயலியில அந்த எண்ணைப் போட்டா உரிமம் யார் பேர்ல இருக்கு, இன்னும் நடப்புல இருக்கான்னு காட்டும். எண் செல்லுபடியாகுதான்னு மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க. பெட்டியில இருக்கிற தயாரிப்பாளர் பேரும் செயலியில வர்ற பேரும் ஒண்ணான்னு பாருங்க. இன்னொருத்தர் எண்ணைப் போட்டு அச்சடிக்கிறவங்க மாட்டறது அங்கதான். சி.இ. ன்னு ஐரோப்பிய முத்திரை மட்டும் போட்டிருந்தா அது நம்ம ஊர்ல ஐ.எஸ்.ஐ.க்கு ஈடு ஆகாது. பதிவு பண்ணின கைவினைஞர்கள் செய்யிற பொம்மைக்கும் புவிசார் குறியீடு உள்ள பொம்மைக்கும் விலக்கு உண்டு, அதனால கர்நாடகாவோட சென்னபட்டணா மரப் பொம்மையில முத்திரை இல்லைன்னா அது போலின்னு அர்த்தம் இல்ல.

கட்டை கட்டுவோம்:

பில்டிங் செட் பற்றி நான் சொல்கிறேன்.

500-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் அளவுதான். லெகோவின் 2×4 கட்டை (மேலே இரண்டுக்கு நாலாகக் குமிழ் உள்ளது) 32 மி.மீ. நீளம், 16 அகலம், 9.6 உயரம். அதே கம்பெனி சின்னக் குழந்தைகளுக்குச் செய்யும் டூப்ளோவில் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு: 64, 32, 19.2. அதாவது ஒரு டூப்ளோ கட்டையின் இடத்தில் எட்டு லெகோ கட்டை அடங்கும். கடைக்காரர் சொன்ன குழாயில் லெகோ 2×4 முழுதாக இறங்கிவிடும். டூப்ளோவின் சின்னக் கட்டையான 2×2 கூட இறங்காது. உங்கள் வீட்டுக்கு டூப்ளோ அளவுதான், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. அந்தப் பிராண்டுதான் வேண்டும் என்பதில்லை, அதே அளவில் வேறு கம்பெனிகளும் செய்கின்றன. பெரியவளுக்குச் சீக்கிரம் சலித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பின்னால் சின்ன லெகோ வாங்கும்போது அதன் முழு உயரக் கட்டைகள் டூப்ளோ குமிழ்களின் மேல் உட்காரும் (மெல்லிய தட்டைகள் உட்காராது). அஸ்திவாரம் பெரியதில், வேலைப்பாடு சின்னதில் என்று இரண்டையும் கலந்தே கட்டலாம்.

சலிப்பு வருவது வயதால் அல்ல, கட்டை பற்றாமல் போவதால். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எட்டுக்கு எட்டுக் குமிழில், அதாவது 13 செ.மீ. சதுரத்தில், ஒரு சின்ன வீடு. சுவர் இரண்டு குமிழ் கனம். ஒரு வரிசைக்கு 2×4 கட்டை ஆறு வேண்டும்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. ஐந்து வரிசை ஏறினால் முப்பது கட்டை தீர்ந்தது, இன்னும் கூரை போடவில்லை. இப்போது கடையில் இருக்கும் 40 பீஸ் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மரம், பூ, நாய், கண் வரைந்த கட்டை, சக்கர வண்டி எல்லாம் போக உண்மையான கட்டை பாதி தேறினால் அதிகம். ஒரு வீடு பாதியில் நிற்கும், குழந்தை எழுந்து போகும்.

அதனால் பின்பக்கப் படத்தை வைத்து 2×4, 2×2 இரண்டையும் மட்டும் எண்ணுங்கள். முப்பது நீளக் கட்டை, முப்பது சின்னக் கட்டை, அதோடு ஒரு சக்கர அடித்தட்டு, கதவு ஜன்னல் ஒன்றிரண்டு இருந்தால் இரண்டு வருடம் ஓடும். நாலாயிரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இதற்கே போகட்டும். குறிப்பிட்ட கோட்டை, குறிப்பிட்ட கார் என்று ஒரே மாடலுக்கான செட் வேண்டாம். ஒருமுறை கட்டியதும் அதை உடைக்கவே குழந்தைக்கு மனசு வராது, அலமாரியில் பொம்மையாக நின்றுவிடும்.

டூப்ளோ அல்லாத பிராண்டு எடுத்தால் கடையிலேயே மூன்று சோதனை. எட்டு 2×2 கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி, மேல் கட்டையை மட்டும் பிடித்துத் தூக்கி லேசாக உதறுங்கள், ஒன்றும் விழக் கூடாது. பிறகு அதே கோபுரத்தைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலால் பிரியுங்கள். உங்களுக்கே தம் கட்ட வேண்டியிருந்தால் நாலு வயசுக் கைக்கு அது பிரியாது, பல்லால் கடிக்கும். மூன்றாவதுதான் முக்கியம், பலரும் செய்யாதது. இரண்டு 2×2 கட்டைகளை அடித்தட்டில் ஒரு கட்டை இடைவெளி விட்டுப் பதியுங்கள். அவற்றின் மேல் பாலம் மாதிரி 2×6 அல்லது 2×8 கட்டையை அழுத்துங்கள். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கும்போது அச்சின் பிழை தெரியாது. குமிழுக்குக் குமிழ் தூரம் துளி பிசகியிருந்தாலும் நீளமான கட்டையில் அந்தப் பிசகு சேர்ந்துகொண்டே போய் ஒரு முனை தூக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட செட்டில் சுவரும் நிற்காது, கூரையும் மூடாது. குழந்தை தனக்குத்தான் கட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அது ரொம்பப் பாவம்.

பாரிஸ் கார்னர், காசி செட்டித் தெரு பக்கம் மொத்தக் கடைகளில் பெட்டியைப் பிரித்துக் காட்டுவது கஷ்டம். மால் கடைகளில் பிள்ளைகள் தொட்டு விளையாட மேசையில் கொட்டி வைத்திருப்பார்கள். அங்கே சோதித்துவிட்டு வாங்குவதை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள்.

காசு மிஞ்சினால் ஒரு பெரிய அடித்தட்டு: 24×24 குமிழ், சுமார் 38 செ.மீ. சதுரம். பாதியில் நிற்கும் வீட்டைத் தட்டோடு தூக்கிப் பீரோ மேல் வைத்துவிடலாம். தம்பி இருக்கும் வீட்டில் அக்காவின் வேலை உடையாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

சொல்லித் தர வேண்டிய ஒரே விஷயம், கொத்தனார் செங்கல் அடுக்குகிற மாதிரி மேல் கட்டை கீழ் இணைப்பின் மேல் உட்கார வேண்டும் என்பது. வாயால் சொல்லாதீர்கள். இணைப்பு நேருக்கு நேராக ஒரு சுவர், மாற்றி மாற்றி ஒரு சுவர் கட்டிக் கொடுத்து, இரண்டையும் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக்ஸ் மாதிரி நட்டு போல்ட் செட், எம்.டி.எஃப். (மரத்தூளை ஒட்டி அழுத்திய) பலகையைக் கோத்துச் செய்யும் மாடல்கள் எல்லாம் ஏழு வயசுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

வேளச்சேரி அப்பா:

ரொம்ப நன்றி, அந்த முப்பது கட்டைக் கணக்கு நல்லாப் புரிஞ்சுது. குழாயும் செஞ்சாச்சு. ஜிக்சாவையும் லாஜிக் விளையாட்டையும் பத்தி யாராவது சொல்லுங்க. பாட்டி பக்கத்துல உட்கார்ந்து "அது இங்க வரும் கண்ணு"ன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுக்கிறாங்க. அதுவும் ஒரு காரணமா இருக்குமோ?

புதிர் டீச்சர்:

பாட்டி உதவுவது நல்லதுதான், உதவும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். 48 துண்டில் 45-ஐப் பாட்டியே அடுக்கட்டும். கடைசி மூன்றை மட்டும் எடுத்து உங்கள் மகள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். முடித்தவள் அவள். அடுத்த முறை ஆறு, பிறகு பத்து. முதல் துண்டிலிருந்து தொடங்கும் குழந்தைக்கு முடிவு கண்ணுக்கே தெரியாது. கடைசியிலிருந்து பின்னோக்கி வரும் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் படம் முழுமையாகிறது.

48 அவளுக்கு இப்போதைக்கு அதிகம். 12, பிறகு 24, பிறகு 35 என்று போவது வசதி. படம் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை: பாதி வானம், பாதி புல்தரை என்றால் துண்டுகளை வேறுபடுத்த அடையாளமே இருக்காது. காய்கறிக் கடை, மிருகக்காட்சிசாலை போல மூலைக்கு மூலை வேறு நிறம் இருக்கும் படம் எளிது. மலிவு ஜிக்சாக்களில் ஒரு பெரிய குறை உண்டு. வெட்டு ஒரே மாதிரி இருப்பதால் தவறான துண்டும் பொருந்தி உட்கார்ந்துவிடும். அப்புறம் எது சரி என்று பெரியவர்கள் வந்து சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு துண்டைத் தவறாகப் பொருத்திப் பாருங்கள், பொருந்தினால் வேண்டாம்.

இதுதான் லாஜிக் விளையாட்டுகளுக்கும் அளவுகோல். செய்தது சரியா தவறா என்பதை அந்தப் பொருளே குழந்தைக்குச் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ அல்ல.

அந்த வகையில் நாலரை வயதுக்கு நான் முதலில் சொல்வது ஸ்மார்ட்கேம்ஸ் கம்பெனியின் கேமலாட் ஜூனியர். மரக் கட்டைகளையும் படிக்கட்டுகளையும் வைத்து வீரன் இளவரசியிடம் போய்ச் சேரப் பாதை அமைக்க வேண்டும். 48 சவால்கள், எளிதிலிருந்து கடினத்துக்கு. பாதை சேராவிட்டால் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் இதன் சின்னத் துண்டுகளைக் குழாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தரையில் விட வேண்டும். தம்பி தூங்கும் நேரத்தில் மேசை மேல் வைத்து விளையாடுவது உத்தமம்.

ரஷ் ஹவர் அருமையான புதிர். ஜப்பானின் நோப் யோஷிகஹாரா உருவாக்கியது. ஆறுக்கு ஆறு கட்டம், கார் இரண்டு கட்டம், லாரி மூன்று கட்டம். எதையும் தூக்காமல் நகர்த்தியே சிவப்புக் காரை வெளியே கொண்டுவர வேண்டும். இவளுக்கு ஐஸ்கிரீம் வண்டி வரும் ஜூனியர் பதிப்பு, அதுவும் ஐந்தரை வயதுக்குப் பிறகு. இதில் இரண்டு இடத்தில் பிசகும். அட்டையைப் பார்த்து வண்டிகளை வைக்கும்போதே ஒரு கட்டம் தள்ளி வைத்துவிடுவார்கள். அந்தப் புதிருக்கு அப்புறம் விடையே இருக்காமல் போகலாம், குழந்தை அரை மணி நேரம் போராடும். அவளே வைக்கட்டும், ஆனால் தொடங்குமுன் "அட்டையும் தட்டும் ஒரே மாதிரி இருக்கா?" என்று வரிசை வரிசையாக அவளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது, வழி அடைபட்டதும் வண்டியைத் தூக்கிவிடுவார்கள். திட்ட வேண்டாம். அட்டையை ஒதுக்கிவிட்டு மூன்றே வண்டிகளை வைத்துச் சில நாள் நகர்த்தி விளையாடினால் அந்தப் பழக்கம் போய்விடும்.

இன்றைக்கே காசில்லாமல் தொடங்க இரண்டு வழி உண்டு.

ஒன்று, சமையலறையில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் கிண்ணம் மூன்று எடுங்கள். தரையில் மூன்று தட்டு. முதல் தட்டில் மூன்று கிண்ணமும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு கிண்ணத்தை மட்டும் எடுத்து, எல்லாவற்றையும் மூன்றாவது தட்டுக்குக் கொண்டு போக வேண்டும். சின்னதற்குள் பெரியது போகாது; விதியை நீங்கள் சொல்லவே வேண்டாம், கிண்ணமே சொல்லிவிடும். இது 1883-இல் பிரெஞ்சுக் கணிதர் எட்வார்ட் லூக்கா வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிர்தான். மூன்று கிண்ணத்துக்குக் குறைந்தது 7 நகர்த்தல், நான்குக்கு 15. இரண்டு கிண்ணத்தில் தொடங்குங்கள், 3 நகர்த்தலில் முடியும். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தாலும் ஆபத்தில்லை.

இன்னொன்று, நீங்கள் வாங்கப் போகும் டூப்ளோவிலேயே இருக்கிறது. நான்கு நிறத்தில் 2×2 கட்டை, நிறத்துக்கு நான்கு, மொத்தம் 16. அடித்தட்டில் நாலுக்கு நாலாக வையுங்கள். படுக்கை வரிசையிலும் நிற்கும் வரிசையிலும் ஒரு நிறம் ஒருமுறைதான் வரலாம். முதலில் நீங்கள் முழுவதும் வைத்து ஒரே ஒரு கட்டையை எடுத்துவிட்டு, "இங்க எந்தக் கலர் காணோம்?" என்று கேளுங்கள். பிறகு ஒரே வரிசையில் இல்லாத நான்கு. பிறகு ஒரு வரிசையில் இரண்டு காலி. அங்கேதான் முதல்முறையாக நிற்கும் வரிசையையும் பார்க்க வேண்டிய கட்டாயம் வரும், அங்கேதான் நிறைய நேரம் நிற்பாள். அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, பாட்டியிடம் முன்பே சொல்லி வையுங்கள். இரண்டுக்கு இரண்டு பெட்டிக்குள்ளும் நிறம் திரும்பக் கூடாது என்ற விதியைக் கடைசியில் சேர்த்தால் அது நாலு கட்ட சுடோகு.

ஆடுபுலி ஆட்டம் ஆறு வயதில். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று சந்திப்புகள். எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று யோசிக்கும் வயது அப்போதுதான் வரும். புளியங்கொட்டையில் ஆடினால் தம்பியை நினைவில் வையுங்கள்.

இன்னும் ஒன்று, டான்கிராம். ஏழு துண்டு, ஆயிரக்கணக்கான உருவம். வாங்கலாம், அல்லது 5 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட்டில் கட்டர் பிளேடால் நீங்களே வெட்டலாம். 16 செ.மீ. சதுரம் எடுத்து, கீழ் இடது மூலையிலிருந்து வலமாகச் சுற்றாமல் இடஞ்சுழியாக அ, ஆ, இ, ஈ என்று குறியுங்கள்: அ கீழ் இடது, ஆ கீழ் வலது, இ மேல் வலது, ஈ மேல் இடது. ஆ முதல் ஈ வரை வெட்டுங்கள். அந்தக் கோட்டின் நடுப்புள்ளி ம. அ முதல் ம வரை வெட்டினால் பெரிய முக்கோணம் இரண்டு வந்துவிடும். மறுபாதியில் ஆ-இ பக்கத்தின் நடு ப, இ-ஈ பக்கத்தின் நடு ந. ப-ந வெட்டினால் நடுத்தர முக்கோணம். ப-ந கோட்டின் நடு வ. ம-வ வெட்டுங்கள், இரண்டு துண்டு மிஞ்சும். ஆ பக்கத்துத் துண்டில் ம-ஆ கோட்டின் நடுவிலிருந்து ப வரை வெட்டினால் ஒரு சதுரமும் ஒரு சின்ன முக்கோணமும். ஈ பக்கத்துத் துண்டில் ம-ஈ கோட்டின் நடுவிலிருந்து வ வரை வெட்டினால் இன்னொரு சின்ன முக்கோணமும் ஓர் இணைகரமும். இரண்டு சின்ன முக்கோணத்தையும் சேர்த்துச் சதுரத்தின் மேல் வைத்துப் பாருங்கள், மிகச் சரியாக மூட வேண்டும். மூடாவிட்டால் நடுப்புள்ளி எங்கோ தவறியிருக்கிறது, உருவங்கள் சேராது. இரண்டு பக்கமும் ஒரே நிறம் உள்ள ஷீட் எடுப்பது அவசியம், ஏனென்றால் இணைகரத்தை மட்டும் சில உருவங்களுக்குத் திருப்பிப் போட வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் மாட்டிக்கொள்வது அதில்தான். புத்தகத்தில் வரும் கருநிழல் உருவங்களை இப்போது கொடுக்காதீர்கள். ஏழு துண்டையும் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து, உள்கோடு தெரியும் படமாகக் கொடுங்கள். அது பழகியதும் ஒவ்வொரு உள்கோடாக அழியுங்கள்.

ஈவினிங் பஜார் கடைக்காரர்:

டீச்சர் சொன்ன ஃபோம் டான்கிராம் பெரியவளுக்குச் சரி. அந்த அளவுல எந்தத் துண்டும் குழாய்ல இறங்காது, ஆனா ஃபோமை ஒன்றரை வயசுப் பையன் கடிச்சுப் பிச்சுடுவான், பிச்ச துண்டு இறங்கும். மூடி போட்ட டப்பாவுல வெச்சு உயரத்துல வைங்க.

தச்சுப் பட்டறை:

மரக் கட்டை கேட்டிருந்தீங்க. மரமே நம்ம புழுக்கத்துக்குத் தாங்கும், தாங்காதது எம்.டி.எஃப். அது ஓரத்துல ஈரம் இழுத்து ஊதிடும். ஐப்பசி கார்த்திகையில கோத்த பலகை கழட்ட வராது, கழட்டினா ஓரம் பிசிறும். ரப்பர் மரம், வேம்பு, சென்னபட்டணாக்காரங்க கடையிற வெப்பாலை மாதிரி முழு மரத்துல செஞ்சதா கேட்டு வாங்குங்க. அண்ணா சாலை பூம்புகார் ஷோரூம்லயும் மரப் பொம்மை பார்க்கலாம்.

பக்கத்துத் தச்சர்கிட்ட கட்டை மட்டும் செஞ்சுக்கணும்னா கனம் 3.5 செ.மீ., அகலம் 7, நீளம் 14. ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலுங்கிற இந்த விகிதம்தான் எல்லாக் கட்டையும் ஒண்ணோட ஒண்ணு சேர வைக்கும். 14 செ.மீ. கட்டை இருபது, 7 செ.மீ. அரைக்கட்டை பதினாறு. 3.5-க்கு 7 இழைச்ச சட்டம் 14 அடி வாங்கினா போதும். 14 செ.மீ. கட்டையை நடுவுல அறுத்து அரைக்கட்டை பண்ண வேணாம்னு சொல்லுங்க. ரம்பம் 3 மி.மீ. தின்னுடும், ரெண்டு அரை சேர்ந்து ஒரு முழுசு ஆகாது, பிள்ளை கட்டுற மேடை ஒரு பக்கம் தாழும். மெஷின்ல தடுப்புக் கட்டை வெச்சு 7-ஐத் தனியா, 14-ஐத் தனியா அறுக்கணும். முதல்ல நாலு பக்கமும் இழைச்சுட்டு அப்புறம்தான் துண்டு போடணும்; துண்டு போட்டுட்டு இழைச்சா ஒவ்வொண்ணும் ஒரு கனம் வரும், எட்டு அடுக்கினா சாயும்.

28 செ.மீ. இரட்டைக் கட்டை இப்போ வேணாம். ஒவ்வொண்ணும் அரைக் கிலோவுக்குப் பக்கம் வரும், கோபுரம் சரிஞ்சா சின்னவன் கால் விரல்ல விழும்.

ஓரத்தை உப்புத்தாளால ரெண்டு மி.மீ. உருட்டிடுங்க. வார்னிஷ் வேணாம். தேங்காய் எண்ணெய் தடவினா கொஞ்ச நாள்ல சிக்கு வாடை அடிக்கும். தேன் மெழுகு தடவித் துணியால தேய்ச்சா போதும். தண்ணியில ஊற வைக்காதீங்க, ஈரத் துணியால துடைச்சு நிழல்ல காய விடுங்க.

வேளச்சேரி அப்பா:

முடிவு பண்ணியாச்சு: டூப்ளோ அளவு கட்டையும் கேமலாட் ஜூனியரும். காந்த டைல்ஸ் பிறகு. பக்கத்து பிளாக்ல ஒருத்தர் பழைய டூப்ளோ ஒரு பெரிய டப்பா நிறைய கொடுக்கிறேன்னு சொல்றார். அழுக்கா இருக்கு. வாங்கலாமா, எப்படிக் கழுவறது?

கட்டை கட்டுவோம்:

தாராளமாக வாங்குங்கள். டூப்ளோ எளிதில் தேயாது, பழைய கட்டையும் புதுக் கட்டையும் சேரும். கழுவும் முன் ஒவ்வொன்றாகப் பார்த்து, விரிசல் விட்டது, கடித்து முனை கூர்மையானது, பேட்டரி வைத்த வண்டி என மூன்று வகையையும் தனியே எடுத்துவிடுங்கள். படம் ஒட்டியிருக்கும் கட்டைகளையும் பிரித்து வையுங்கள், அவற்றை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

மற்றவற்றைக் கை பொறுக்கும் சூட்டுக்கும் குறைவான தண்ணீரில், 40 டிகிரிக்குள், பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் கட்டை கோணிக்கொள்ளும், பிறகு பிடிக்காது. உள்ளே இருக்கும் குழல்களின் சந்தில்தான் பிசுக்கு தங்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். அலசியதும் குழிப்பக்கம் கீழே பார்க்கும்படித் துண்டின் மேல் கவிழ்த்து, ஒருமுறை உதறி, ஃபேன் காற்றில் ஒரு இரவு விடுங்கள். மொட்டை மாடி வெயிலில் காய வைக்க வேண்டாம், நிறம் வெளுக்கும். குழலுக்குள் ஈரம் இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடினால் வாடை வரும், கறுப்புப் புள்ளி விழும். மறுநாள் காலையில் நாலைந்தை எடுத்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள், ஒரு சொட்டும் வராவிட்டால் எடுத்து வைத்துவிடலாம்.